ஒருமுறை உருகிய பொன்

இணையத்தில் வீடியோ பார்த்துத் தங்கம் அலசக் கற்றுக்கொண்டவள் நான். சிரிப்பவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும். அந்த வீடியோக்களில் வருகிறவர்கள் எல்லாரும் பனிமலை அடிவாரத்தில் நிற்பார்கள். பனி உருகி ஓடிவரும் ஆற்றில் முழங்கால்வரை இறங்கி, மூக்கெல்லாம் சிவந்து, வாயிலிருந்து புகை வர, பச்சைத் தட்டில் மணலைச் சுழற்றுவார்கள். நான் அதே வேலையை உலு சிலாங்கூரில், செம்பனைக் காட்டுக்குப் பின்னால் ஓடும் ஒரு சின்ன ஆற்றில், பழைய கைலியும் ரப்பர் பூட்ஸும் போட்டுக்கொண்டு, வேர்த்து ஒழுகச் செய்தேன். அவர்களுக்குக் குளிர், எனக்கு அட்டைக்கடி. மற்றபடி தட்டு ஒன்றுதான், ஆசையும் ஒன்றுதான்.

வேலையிலிருந்து நின்றுவிட்ட பொம்பளைக்கு இது என்ன கூத்து என்று புக்கிட் பெருந்துங்கில் என் வரிசை வீட்டுக்காரர்கள் பேசிக்கொண்டது எனக்குத் தெரியும். கோயிலுக்குப் போகலாம், பேரப்பிள்ளை வரும்வரை சீரியல் பார்க்கலாம், ஆற்றில் போய் மண்ணைக் கழுவுவானேன்? யாருக்கும் நான் காரணம் சொல்லவில்லை. இப்போது சொல்லலாம்.

என் மகளுக்கு நிச்சயம் பண்ணிய அன்று நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் கோல சிலாங்கூர் பக்கம். நல்ல மனிதர்கள், பையனும் தங்கமான பையன். தட்டு மாற்றி, எல்லாரும் சாப்பிட்டு முடித்தபிறகு நான் அடுப்படியில் தே தாரே டீ ஆற்றிக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளையின் அத்தை உள்ளே வந்தார். அந்த வீட்டில் நல்லது கெட்டதுக்கு முன்னால் நிற்கிறவர் அவர்தான். என் தோளில் கையை வைத்துக்கொண்டு, மெதுவாகத்தான் சொன்னார்.

"சம்பந்தியம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. தாலித் தட்ட எடுக்கறது, சபையில சுத்தி வர்றது எல்லாம் எங்க வீட்டுப் பொண்ணுங்க பாத்துக்கும். நீங்க அலையாம பின்னால உக்காந்து நிம்மதியா பாருங்க. அப்புறம் தாலிக்குப் பொன்னு... உங்க பெட்டியில இருக்கறது வேணாம்னு அண்ணன் நெனைக்கறாரு. நாங்களே போட்டுக்கறோம்."

என் வீட்டுக்காரர் இறந்து சில வருஷம் ஆகியிருந்தது. லாரி ஓட்டினவர், நெஞ்சுவலியில் போய்விட்டார். அதனால் நான் தாலித் தட்டைத் தொடக்கூடாது. நான் போட்டிருந்த நகை என் மகள் தாலியில் கலக்கக்கூடாது. ஃபேக்டரியில் சூப்பர்வைசரையே நிற்கவைத்துக் கேள்வி கேட்டவள் நான். அன்றைக்கு இந்த வாய் என்ன சொன்னது தெரியுமா? "சரிங்க" என்றது. தே தண்ணீர் ஆறிப்போகும்வரை அங்கேயே நின்றேன்.

எங்கள் குடும்பத்தில் தாலியைக் கடையில் ரெடிமேடாக வாங்குவதில்லை. பெண் வீட்டுப் பொன் கொஞ்சம், மாப்பிள்ளை வீட்டுப் பொன் கொஞ்சம், இரண்டையும் நல்ல நாள் பார்த்து ஆசாரி முன்னால் ஒன்றாக உருக்க வேண்டும். உருகிய பிறகு எது யாருடையது என்று எவராலும் பிரிக்க முடியாது. என் தாலியும் அப்படிச் செய்ததுதான். என் மகளுடைய தாலியில் மட்டும் எங்கள் பக்கத்துப் பொன் ஒரு துளிகூட இருக்காது என்றால் என்னால் தாங்க முடியவில்லை. தூங்க முடியவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் அழுகை வந்தது.

கடையில் புதுத் தங்கக் காசு வாங்கிக் கொடுத்திருக்கலாமே என்பீர்கள். நானும் யோசித்தேன். கடைப் பொன் மட்டும் வானத்திலிருந்தா விழுந்தது? எவளோ அடகு வைத்து மீட்க முடியாமல் விட்ட நகையை உருக்கித்தான் புதுக் காசு அடிக்கிறான். அதில் எத்தனை பேருடைய கண்ணீர் இருக்கிறதோ! அது ஆகும், என்னுடையது ஆகாது. இந்தக் கோபத்தில்தான் எனக்கு அந்த எண்ணம் வந்தது. யார் உடம்பிலும் ஏறாத பொன், எவள் கழுத்திலும் கிடக்காத பொன், மண்ணிலிருந்து நேராக என் கைக்கு வந்த பொன் ஒரு பொட்டு கிடைத்தால் போதும். அதை எந்தச் சம்பந்தி வேண்டாம் என்று சொல்வார்?

என்னோடு ஃபேக்டரியில் வேலை செய்த மலாய்க்காரத் தோழி ஒருத்தி அம்பாங் பெச்சா பக்கத்தில் கம்பத்தில், மலாய்க்காரர் கிராமத்தில் இருக்கிறாள். அவள் தம்பி மீன் பிடிக்கப் போகும் ஆற்றில் மணலுக்குள் மஞ்சளாக மின்னும் என்று முன்பே சொல்லியிருந்தாள். அந்தப் பக்கமெல்லாம் ஒரு காலத்தில் ஈய லம்பம், அதாவது ஈயச் சுரங்கம். ஈயம் தோண்டிய இடத்தில் இப்போது பச்சைத் தண்ணீர் தேங்கிக் குட்டையாகக் கிடக்கிறது. குட்டைக்குக் கீழே அந்த ஆறு வளைந்து ஓடுகிறது. ஈயம் இருந்த மண்ணில் பொன்னும் துளித்துளியாக இருக்கும் என்று வீடியோக்காரன் சொன்னான். அவனை நம்பினேன். இணையத்தில் தட்டு வாங்கினேன், என் பழைய காரை எடுத்தேன், எஸ்டேட் மண் ரோட்டில் விட்டேன்.

முதலில் ஒன்றும் கிடைக்கவில்லை. தட்டில் மண்ணை அள்ளி, தண்ணீருக்குள் வைத்துக் குலுக்கி, பெரிய கல்லைப் பொறுக்கி எறிந்து, மெதுவாகச் சாய்த்துச் சாய்த்து மேல்மணலை ஆற்றோடு விடவேண்டும். அரிசி களைவது மாதிரிதான். ஆனால் அரிசியில் கனமான கல் அடியில் நிற்கும், அதைக் கொட்டுவோம். இங்கே அடியில் நிற்பதுதான் சொத்து. கடைசியில் கறுப்பு மணல் மட்டும் மிஞ்சும். அதில் ஈய மணலும் இருக்கும், இரும்பு மணலும் இருக்கும். ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த காந்தத்தைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் காட்டினால் இரும்பு மட்டும் துள்ளிக்கொண்டு வந்து ஒட்டும். மீதியில் கண்ணை வைத்துத் தேட வேண்டும். கண் விஷயத்தில் எனக்குக் குறை இல்லை. எலெக்ட்ரானிக் ஃபேக்டரியில் லென்ஸுக்கு அடியில் ஈயம் பற்றவைத்த இடங்களைப் பார்த்துப் பார்த்து, கெட்டதைப் பொறுக்கியே காலம் போனது. ஆனால் முதுகு? அதைக் கேட்காதீர்கள். வீட்டுக்கு வந்தால் நிமிர முடியாது.

மகள் ரவாங்கில் ஓர் அலுவலகத்தில் வேலை செய்கிறாள். மாலையில் வந்து என் சேறு படிந்த பூட்ஸைப் பார்த்தால் தொடங்கிவிடுவாள்.

"அம்மா, ஹாபி வேணும்னா ஜூம்பா கிளாஸ் போங்கலா. எல்லா ஆன்ட்டியும் போறாங்க. நீங்க மட்டும் ஏன் இப்படி வியர்டா பண்றீங்க?"

"உனக்குத்தான்டி தேடறேன்."

"ஓகே. பெரிய கோல்ட் மைன் கெடச்சா எனக்கு ஒரு கார் வாங்கிக் குடுங்க. ஹைப்ரிட்."

"வாய் மட்டும் நல்லா இருக்கு. போய் சட்டியக் கழுவு."

அவளுக்கு எதுவும் தெரியாது. தெரிந்தால் அத்தையிடம் நேராகப் போய்க் கேட்டுவிடுவாள். என் பெண், என் வாய்தான் அவளுக்கும். கல்யாணம் கெட்டுப்போகும் என்று பயந்து நான் மூச்சு விடவில்லை.

ஆற்றைப் படிக்கப் பழகினேன். நேராக ஓடும் தண்ணீர் எதையும் விட்டுவைக்காது. வளைவின் உள்பக்கத்தில், பெரிய பாறைக்குப் பின்னால், தண்ணீர் களைத்துப்போய் நிதானிக்கும் இடத்தில்தான் கனமானது எல்லாம் இறங்கும். அப்படி ஓர் இடம் பார்த்துவைத்தேன். ஆற்றில் மேலே ஒரு மூங்கில் புதர், அதற்கு அந்தப் பக்கம் வளைவு. வளைவைத் தாண்டி நான் போனதில்லை. மலையில் மழை பெய்தால் சொல்லாமல் கொள்ளாமல் தண்ணீர் ஏறிவிடும், ஓடுவதற்குக் கார் பக்கத்தில் இருக்கட்டும் என்று கீழேயே நின்றுகொண்டேன்.

அந்தப் பாறைக்குப் பின்னால்தான் முதல் பொன் வந்தது. தவிட்டுத் துகள் அளவு, தட்டையாக, ஓரம் நசுங்கி. கறுப்பு மணலின் நுனியில் நின்றது. தண்ணீரை ஆட்டினேன், மணல் ஓடியது, அது அசையவில்லை. "ஐயோ!" என்று கத்திவிட்டேன். மீன்கொத்தி ஒன்று பயந்து பறந்தது. அதற்குப் பிறகு போகும்போதெல்லாம் ஒன்றோ இரண்டோ கிடைத்தது. எல்லாமே தட்டை. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் அடிபட்டு வரும் பொன் அப்படித்தான் இருக்கும் என்று வீடியோக்காரனும் சொல்லியிருந்தான். சின்னக் கண்ணாடிப் புட்டியில் தண்ணீர் ஊற்றி அதில் சேர்த்தேன்.

ஒரு நாள் அதே இடத்தில் உருண்டையாக ஒன்று கிடைத்தது. மிளகில் பாதி இருக்கும். பளபளவென்று, எங்கும் நசுங்காமல், உள்ளங்கையில் வைத்தால் ஓடியது. நான் அதைப் பார்த்து அழுதேன். என் வீட்டுக்காரரே அனுப்பிவைத்தார் என்று நினைத்தேன், அப்படித்தான் நினைத்தேன், மறைப்பானேன். பின்னால் உட்காரச் சொன்னார்களே, இப்போது நான் முன்னால் இருக்கிறேன், என் மகளின் நெஞ்சில் கிடப்பேன், எவராலும் பிரித்தெடுக்க முடியாது என்று ஆற்றுக்குச் சொன்னேன். பைத்தியம் மாதிரி சத்தமாகவே சொன்னேன்.

நல்ல நாளைக்கு முன்பே என் பொன்னை மட்டும் சுத்தம் பண்ணி வைக்கலாம் என்று ரவாங்கில் எங்கள் ஆசாரியிடம் கொண்டுபோனேன். ஆசாரி புட்டியைத் தூக்கிப் பார்த்துச் சிரித்தார்.

"என்னக்கா, லம்பம் கிம்பம் எடுத்துட்டீங்களா?"

"பேச்சைக் குறைங்க ஆசாரி. என் மகள் தாலிக்கு. சிந்தாம செய்யுங்க."

துகள்களை மண் கிண்ணத்தில் கொட்டி, வெண்காரம் தூவி, நெருப்பை ஊதினார். நான் குனிந்து பார்த்தேன். தட்டைத் துகள்கள் முதலில் சிவந்தன. பிறகு ஓரங்கள் உள்ளே சுருண்டன. ஒன்றை ஒன்று தொட்டதும் சட்டென்று சேர்ந்து, குலுங்கி, ஒரே உருண்டையாக நின்றன.

"இப்ப அந்தக் குண்டையும் போடுங்கக்கா" என்றார்.

என் உள்ளங்கையில் அது இருந்தது. கிண்ணத்தில் இருப்பதைப் பார்த்தேன், கையில் இருப்பதைப் பார்த்தேன். இரண்டும் ஒரே வடிவம். ஃபேக்டரியில் சூடு அதிகமாகி ஈயம் தெறித்தால் போர்டு முழுக்கக் குட்டிக் குட்டிக் குண்டுகளாகக் கிடக்கும். உருகிய உலோகம் தானாக உருளும் என்று எனக்கா தெரியாது? தெரியும். ஆற்றில் அதைக் கையில் எடுத்தபோதே தெரிந்திருக்க வேண்டும். சந்தோஷம் கண்ணை மறைத்துவிட்டது. இந்தப் பொன் ஏற்கெனவே ஒருமுறை நெருப்பைப் பார்த்திருக்கிறது. ஆற்றுக்குள் கிடந்த பொன்னுக்கு நெருப்பு எங்கிருந்து வந்தது?

"என்னக்கா? முகம் ஒரு மாதிரி ஆயிருச்சு?"

"ஒண்ணும் இல்ல ஆசாரி. இன்னிக்கு வேணாம். அந்தக் கிண்ணத்துல இருக்கறதையும் எடுத்துக் குடுங்க."

மறுநாள் காலையில் மூங்கில் புதரைத் தாண்டி மேலே போனேன். வளைவைத் திரும்பியதும் சிமெண்ட் படிகள் தெரிந்தன. படியில் உடைந்த மண்சட்டி, வாடிய சாமந்தி மாலை, வாழையிலை, பிழிந்த எலுமிச்சம்பழம். அந்தப் பக்கத்திலிருந்து தார் ரோடு வருகிறது. நான் எஸ்டேட் வழியாகவே வந்ததால் ஒருநாளும் பார்த்ததில்லை. ஒரு குடும்பம் அப்போதுதான் காரியம் முடித்துவிட்டு ஏறிக்கொண்டிருந்தது. புதிதாக மொட்டை அடித்த ஒரு பையன் ஈர வேட்டியோடு நின்றான். அவனோடு வந்த பெரியவரைக் கேட்டேன்.

"ஐயா, இங்கயா சாம்பல் கரைக்கிறீங்க?"

"ஆமாம்மா, இந்தப் பக்கத்து ஆளுங்க எல்லாம் இங்கதான். கடலுக்குப் போக வசதிப்படாதவங்களுக்குன்னு படி கட்டி விட்டாங்க. ரொம்ப காலமாச்சே."

படியில் உட்கார்ந்துவிட்டேன். நம்மவர்களில் எவளாவது, கருமாதித் துறைக்குக் கீழே நின்று காலையாவது கழுவுவாளா? நான் தட்டைப் போட்டு அலசியிருக்கிறேன். அதுவும் கல்யாணத்துக்கு.

எங்கள் பக்கத்தில், பிணத்தை எடுப்பதற்கு முன்னால் வாய்க்கரிசியோடு ஒரு பொட்டுப் பொன்னும் வாயில் வைப்போம். இருப்பவர்கள் கொஞ்சம் பெரிதாக வைப்பார்கள், இல்லாதவர்கள் ஊசிமுனை அளவாவது வைப்பார்கள். உடம்பு எரியும்போது அதுவும் உருகிச் சாம்பலோடு சேர்ந்துவிடும். சாம்பலைக் கரைத்தால் அது ஆற்றில் இறங்கும். கனமானது தூரம் போகாது, முதல் வளைவில், முதல் பாறைக்குப் பின்னால் தங்கிவிடும். யார் உடம்பிலும் ஏறாத பொன் என்று நான் கொண்டாடியது யாரோ ஒருவருடைய நாக்கில் கிடந்த பொன்.

என் வீட்டுக்காரர் வாயில் வைத்தது என் தாலியில் கோத்திருந்த குண்டு ஒன்றுதான். அன்றைக்கு வேறு எதையும் தேட எனக்குத் தோன்றவில்லை. கழற்றிக் கொடுத்தேன், வைத்தார்கள். அவரைக் கோல சிலாங்கூரில் கடலில் கரைத்தோம். அந்தக் குண்டு எந்தச் சேற்றுக்குள் கிடக்கிறதோ. என் கையில் இருந்ததும் எவளோ ஒருத்தி கழற்றிக் கொடுத்ததாக இருக்கலாம்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், எனக்கு ஆசை விடவில்லை. ஆசாரிக்குத் தெரியாது, சம்பந்திக்குத் தெரியாது. தட்டையாக வந்தது ஆற்றுப் பொன்தானே, அதை மட்டுமாவது வைத்துக்கொள்ளலாமே என்று மனம் பேரம் பேசியது. கல்யாணம் வேறு நெருங்கிவிட்டது. ஆனால் எல்லாம் ஒரே பாறைக்குப் பின்னால் கிடந்தவை. அதைவிட, அது புருஷனை வழியனுப்ப ஒருத்தி கொடுத்தது. அதை எடுத்து இன்னொருத்தி கல்யாணத்துக்கு வைத்துக்கொள்ள எனக்கு என்ன உரிமை? தீட்டு என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. பாவமாக இருந்தது. கடைசிப் படியில் இறங்கி, "தெரியாம எடுத்துட்டேன், மன்னிச்சுக்குங்க" என்று சொல்லி இரண்டு உருண்டைகளையும் தண்ணீரில் விட்டேன். முங்கிக் குளித்துவிட்டு ஈரப் புடவையோடு காரை ஓட்டி வந்தேன்.

வீட்டில் மகள் இருந்தாள். சனிக்கிழமை, அவளுக்கு வேலை இல்லை.

"அம்மா! ஆத்துல விழுந்துட்டீங்களா?"

அதற்குமேல் என்னால் முடியவில்லை. வாசலில் நின்றபடியே அழுதேன். பொன் கிடைத்தது, போனது, ஏன் தேடினேன், அத்தை அடுப்படியில் என்ன சொன்னார், எல்லாம் கொட்டிவிட்டேன். அவள் துண்டை எடுத்துவந்து என் தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டாள். இடையில் ஒரு வார்த்தை பேசவில்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

"இதுக்காகவா இத்தன நாளா வெயில்ல நின்னீங்க?"

"வேற என்ன பண்றது?"

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்லா."

"சொன்னா நீ சண்டை போடுவ. கல்யாணம் நிக்கும்."

"நான் யார்கிட்டயும் சண்டை போட மாட்டேன்மா. ப்ராமிஸ்."

நம்பினேன். தாலிக்கு மாப்பிள்ளை வீட்டார் மட்டுமே பொன் போட்டார்கள். உருக்கும் நாளில் ஆசாரி என்னைப் பார்த்தார், நான் வேறு பக்கம் பார்த்தேன்.

கல்யாணத்தன்று மண்டபம் நிறைந்திருந்தது. அத்தை சொன்னபடி நான் பின்வரிசையில் சுவரோரமாக உட்கார்ந்தேன். பட்டுப்புடவை கட்டியிருந்தேன், அதை யாரும் தடுக்கவில்லை. அத்தையின் மகள் தேங்காய்மேல் தாலி வைத்த தட்டை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு வரிசையாக வந்தாள். எல்லாரும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். எனக்கு முந்தின வரிசைவரை வந்தாள். என்னைப் பார்த்தாள். சின்னப் பெண், அவள் என்ன செய்வாள், தலையைக் குனிந்துகொண்டு திரும்பிப் போய்விட்டாள். நான் மடியில் இருந்த கைப்பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தேன்.

குருக்கள் தட்டை வாங்கக் கை நீட்டினார். மேளக்காரர் கெட்டிமேளத்துக்குத் தயாராகக் குச்சியைத் தூக்கிவிட்டார். அப்போது மணவறையிலிருந்து என் மகளின் குரல் கேட்டது. கத்தவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டாள். பக்கத்தில் குருக்களின் மைக் இருந்ததால் மண்டபம் முழுக்கக் கேட்டது.

"ஐயா, கொஞ்சம் இருங்க. எங்கம்மா இன்னும் தட்டத் தொடல. அவங்க தொடாம நான் கட்டிக்க மாட்டேன்."

அடிப்பாவி, சண்டை போட மாட்டேன் என்றாளே! எனக்குக் காதெல்லாம் சுட்டது. எல்லாத் தலையும் திரும்பியது. எழுந்து வெளியே ஓடிவிடலாமா என்று பார்த்தேன், வழியில் நாற்காலி. மாப்பிள்ளைதான் எழுந்து நின்றான்.

"வாங்கத்தே" என்று என்னைக் கூப்பிட்டான்.

நடந்தேன். எப்படி நடந்தேன் என்று தெரியாது. அத்தை தன் மகள் கையிலிருந்து தட்டை வாங்கினார். என் முகத்தைப் பார்க்கவில்லை, அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. தட்டை என் பக்கம் நீட்டினார். தொட்டால் போதும். எல்லாரும் தொடத்தான் செய்தார்கள். நான் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். மஞ்சள் கயிறு, தேங்காய், அரிசி, அதன்மேல் தாலி. அதில் என் பொன் ஒரு துளியும் கிடையாது. தட்டு என் கையில் இருந்தது.

மகள் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே அழுதாள். மேளக்காரர் தூக்கிய கையை இறக்காமல் காத்திருந்தார். குருக்கள் ஒருமுறை கூப்பிட்டார், எனக்குக் கேட்கவில்லை. மறுபடி கூப்பிட்டு, தட்டின் ஓரத்தைப் பிடித்து மெதுவாக இழுத்தார்.

"நேரம் போவுது, தட்ட விடுங்கம்மா" என்றார்.